பிள்ளைக்கு எந்த வயதில் செல்போன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி முடிந்து நேராக டியூஷனுக்குப் போய்விட்டு, டவுன் பஸ்ஸில் வீடு வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. பஸ் தாமதமானால் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நான் நடந்துகொண்டே இருக்கிறேன். அவள் ஸ்மார்ட்போன் கேட்கிறாள். வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறதாம். திருப்பூரில் வேலை செய்யும் என் கணவர், “காலேஜ் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். மாமியாரோ, “பெண் பிள்ளை, உடனே வாங்கிக் கொடு” என்கிறார். எந்த வயதில் வாங்கித் தருவது சரி?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தேவைகள் கலந்திருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவேண்டும் என்பது உங்கள் தேவை. தோழிகள் பேசிக்கொள்ளும் இடத்தில் தானும் இருக்கவேண்டும் என்பது அவளுடைய தேவை. இரண்டிலுமே நியாயம் இருக்கிறது. ஆனால் முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதற்கான கருவியை வாங்கிக் கொடுத்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. “பஸ் வரவில்லை அம்மா” என்று சொல்ல, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பட்டன் போன் போதும். ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும். தொலைந்தாலும் பெரிய இழப்பில்லை. அதில் உங்கள் எண், கணவர் எண், பாட்டி எண், டியூஷன் ஆசிரியர் எண் ஆகியவற்றைப் பதிந்து கொடுங்கள். பள்ளிக்குள் போன் கொண்டுவர அனுமதி இருக்காது என்பதால், காலையில் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ள முடியுமா என்று தலைமையாசிரியரிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். அதற்கு வழியில்லை என்றால், மகள் கிளம்பியதும் உங்களுக்கு ஓர் அழைப்புக் கொடுக்கும்படி டியூஷன் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். மாமியாரின் கவலைக்கு இவ்வளவில் பதில் கிடைத்துவிடும்.

இனி ஸ்மார்ட்போன். வயதைப் பற்றிச் சட்டங்கள் சொல்வதை முதலில் பார்த்துவிடுவோம். இந்தியாவில் 18 வயது நிரம்பாதவர் பெயரில் சிம் கார்டு தரக்கூடாது. ஆகவே மகள் கையில் இருக்கப்போகும் சிம் உங்கள் பெயரில்தான் இருக்கும், அதில் என்ன நடந்தாலும் விசாரணை முதலில் உங்களிடம்தான் வரும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்கவேண்டும் என்பது அந்நிறுவனங்களே வைத்திருக்கும் விதி. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆஸ்திரேலியாவோ 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி செய்துவிட்டது. 13, 16, 18 என்று அரசுகளும் நிறுவனங்களுமே வெவ்வேறு எண்களைச் சொல்லும்போது, இதுதான் சரியான வயது என்று ஒரே எண்ணை நான் சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்குவது பிள்ளைகளிடையே சர்வ சாதாரணமாகிவிட்டது. பல வீடுகளில் பெற்றோரே அதைச் செய்து கொடுக்கிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். பதின்ம வயதினரின் கணக்கை வெளியார் பார்க்க முடியாதபடியும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாதபடியும் இன்ஸ்டாகிராம் தானாகவே பூட்டி வைக்கிறது. 12 வயதுப் பெண்ணை 20 வயது என்று பதிந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் அவளுக்குக் கிடைக்காது. பொய்யில் தொடங்கிய கணக்கில் ஏதேனும் தவறு நடந்தால், அதைச் சொல்லவும் அவள் தயங்குவாள்.

என் கருத்தைச் சொல்கிறேன். 13 வயது வரை பட்டன் போன் மட்டும். அதன்பின் ஸ்மார்ட்போன் தேவைப்பட்டால் அது வீட்டுப் போனாக இருக்கட்டும். கூடத்தில் இருக்கும், வேலை முடிந்ததும் கூடத்துக்கே திரும்பும். சொந்தப் போன் என்று ஒன்றை 16 வயதை ஒட்டி யோசிக்கலாம். இவை எல்லாம் ‘இதற்கு முன்னால் வேண்டாம்’ என்ற எல்லைகள்தாம். அந்த வயது வந்தவுடன் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை.

வயதைவிட முக்கியமாக நான் பார்ப்பது வேறொன்று. போனில் ஏதேனும் தவறாக நடந்தால் அந்தப் பிள்ளை வீட்டில் வந்து சொல்லுமா?

தவறு எப்படி நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால் நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்பது விளங்கும். பிள்ளை ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கும். கூட ஆடுகிறவர்களுடன் பேசும் வசதி அதிலேயே உண்டு. ‘அண்ணா’ என்று அறிமுகமாகும் ஒருவர் சில நாள் நன்றாகப் பேசுவார், ஆட்டத்தில் ஜெயிக்க வைப்பார். பிறகு, “உனக்கு ஆட்டத்துக்கு வேண்டிய டைமண்ட் வாங்கித் தருகிறேன், அப்பா போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்” என்பார். அது வங்கிக் கணக்கைத் திறக்கும் ஓ.டி.பி. என்று பிள்ளைக்குத் தெரியாது. அல்லது அவர் ஒரு புகைப்படம் கேட்பார். அடுத்த நாள் இன்னொன்று கேட்பார். மூன்றாம் நாள், “உன் அம்மாவுக்கு அனுப்பிவிடுவேன்” என்பார். அந்த மூன்றாம் நாளில் பிள்ளை என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்றே அம்மாவிடம் வந்து சொன்னால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிட முடியும். சொல்லாவிட்டால் மிரட்டல் வளரும். பிள்ளைகள் சொல்லாமல் இருப்பதற்கு முதல் காரணம் மிரட்டுகிறவர் மேலுள்ள பயம் என்று நாம் நினைக்கிறோம். நம் மேலுள்ள பயமும் அதற்குக் குறைந்ததில்லை. சொன்னால் அடி விழும், போன் பறிபோகும், “நான் அப்பவே சொன்னேன்” என்று அப்பா அம்மாவைத் திட்டுவார் என்பதெல்லாம் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே போன் வாங்குவதற்கு முன்பே மகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: “என்ன நடந்தாலும் என்னிடம் சொல், நீ சொன்னதற்காக நான் அடிக்கமாட்டேன், போனைப் பிடுங்கமாட்டேன்.” சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். இன்றைக்கே சோதித்துப் பார்க்க உங்களுக்கு வாய்ப்புகள் இருக்கின்றன. தேர்வில் மதிப்பெண் குறைந்ததை அவளே வந்து சொல்கிறாளா, அல்லது ரேங்க் கார்டில் கையெழுத்துக் கேட்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவருகிறதா? டியூஷனில் யாரோ கேலி செய்ததை உங்களிடம் சொன்னாளா? இவற்றுக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், போனைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் மனம்விட்டுப் பேசும் பழக்கத்தை வீட்டில் உண்டாக்குங்கள். அது அவள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. அந்தக் குறையைச் சரிசெய்யவேண்டிய பொறுப்பு பெரியவர்களான நம்முடையது.

பணமோசடி என்றால் 1930 என்ற எண்ணுக்கும், குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். பட்டன் போனிலேயே இந்த இரண்டையும் பதிந்து வையுங்கள். பணம் போனது தெரிந்தவுடனே 1930க்குச் சொன்னால், அது கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

‘எல்லாரிடமும் இருக்கிறது’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவளுடைய நெருங்கிய தோழிகள் மூன்று நான்கு பேரின் அம்மாக்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களும், “உங்கள் வீட்டில் வாங்கிவிட்டீர்களாமே” என்று உங்களிடம் கேட்கக்கூடும். அந்த நான்கு வீடுகளும் சேர்ந்து இன்னும் ஓராண்டு பொறுப்பது என்று முடிவெடுத்தால், உங்கள் மகள் மட்டும் தனித்துப்போனதாக உணரமாட்டாள். வீட்டுப்பாடம் வகுப்புக் குரூப்பில் வருகிறது என்றால் உங்கள் போனிலேயே, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உங்கள் கணவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். கல்லூரி வரை எதுவுமே கூடாது என்று இருந்துவிட்டு, 18 வயதில் விடுதிக்குப் போகும் பெண்ணிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுப்பதும் ஆபத்துதான். பக்கத்தில் நீங்கள் இருக்கும்போதே அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகட்டும்.

கேள்வி: மூன்று வயதுப் பேரன், செல்போனில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறான். மருமகள் வேலைக்குப் போவதால் ஊட்டுவது நாங்கள்தான். என்ன செய்வது?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐயா, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், மூன்று நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. திரையைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தைக்குப் பசி தீர்ந்ததும் தெரிவதில்லை, ருசியும் தெரிவதில்லை. பாதி நாள் கொடுத்து, பாதி நாள் மறுத்தால் அழுகைதான் நீளும். வீட்டில் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு, ஒரு நாள் முதல் சாப்பாட்டு வேளையில் போனே கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். ஒரு தட்டில் கொஞ்சம் பருப்புச் சோறு வைத்து, அவனையே அள்ளிச் சாப்பிட விடுங்கள், இறைப்பான், இறைக்கட்டும். நலமாக இருக்கும் குழந்தை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் அடுத்த வேளை தானாகக் கேட்கும். எடை குறைவதாகத் தோன்றினால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வேண்டுகோள்: அந்த நேரத்தில் உங்கள் போனையும் எடுக்காதீர்கள்.

கேள்வி: துபாயிலிருந்து வந்த என் தம்பி, பத்து வயதாகும் என் மகனுக்கு விலையுயர்ந்த ஸ்மார்ட்போன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். திருப்பிக் கொடுத்தால் மனம் வருந்துவான். மகனோ போனைக் கீழே வைப்பதில்லை.
– ஒரு வாசகி, இராமநாதபுரம்

பதில்: திருப்பிக் கொடுக்கவேண்டாம். அது வீட்டுக்கு வந்த போன் என்று இன்றே அறிவித்துவிடுங்கள். அதிலுள்ள கணக்கை நீக்கி, மகனின் உண்மையான பிறந்த தேதியுடன் புதிய கணக்கைத் தொடங்கி, உங்கள் போனில் பெற்றோர் கட்டுப்பாட்டை அமையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் இதற்கு ஃபேமிலி லிங்க் என்ற செயலி இருக்கிறது. எந்தச் செயலியை இறக்கவும் உங்கள் அனுமதி தேவைப்படும்; எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ளவேண்டும் என்பதையும் நீங்களே வைக்கலாம். மாமா கொடுத்த பொருளை அம்மா பறித்துவிட்டாள் என்று மகன் நினைக்காமல் இருக்க, தம்பியையே வீடியோ காலில் பேசச் சொல்லுங்கள். “நீ பெரியவன் ஆகும்வரை அம்மா வைத்திருக்கட்டும்” என்று மாமா வாயால் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். போன ஆண்டு அப்பா எனக்குப் போன் வாங்கிக் கொடுத்தார். ஆனால் நான் தூங்கிய பிறகு அதை எடுத்துப் பார்க்கிறார். நான் எந்தத் தவறும் செய்யவில்லை. இது சரியா?
– ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, உங்களுக்குத் தெரியாமல் பார்ப்பது சரியில்லை. உங்கள் வயதுப் பிள்ளையின் போனை மறைவாக எடுத்துப் பார்க்கும் அப்பா, பிள்ளை நாளை எதையும் அழித்துவிட்டுத் தூங்கப் போவதற்குத் தானே கற்றுக்கொடுக்கிறார். இதை அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவருடைய கவலைக்கு அடிப்படை இல்லை என்று சொல்லவும் முடியாது. 2024ஆம் ஆண்டின் ‘ஏசர்’ என்ற கல்விநிலை ஆய்வு, இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்று கண்டது. அவர்களில் முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 விழுக்காடு. படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்த போன் வேறெங்கோ போகிறதோ என்று எந்த அப்பாவுக்கும் தோன்றும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் ஓய்வாக இருக்கும்போது நீங்களாகவே போனை எடுத்துச் செல்லுங்கள். எந்தச் செயலியில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்பதைப் போனின் அமைப்புகளிலேயே பார்க்கலாம். அதைத் திறந்து காட்டுங்கள். பிறகு, எதை அவர் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று பேசி முடிவு செய்யுங்கள். பணம், முன்பின் தெரியாதவர்கள், புதிதாக இறக்கிய செயலிகள் ஆகிய மூன்றும் அவர் கேட்டபோது காட்டவேண்டியவை. நண்பன் தன் வீட்டுக் கஷ்டத்தை உங்களிடம் எழுதியிருந்தால் அது அவனுடைய அந்தரங்கம். அதைப் படிக்க உங்கள் அப்பாவுக்கு உரிமை இல்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். இரவு பத்து மணிக்குமேல் போனைக் கூடத்தில் சார்ஜில் போட நீங்களே முன்வாருங்கள். உங்கள் வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை, அதுவும் பொதுத்தேர்வு ஆண்டில் கட்டாயம் தேவை. தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் அம்மாவையோ, அப்பா மதிக்கும் உங்கள் ஆசிரியர் ஒருவரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள்.