களிம்பு போட்டால் புற்றுநோய் வருமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வயதிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பில் தொடங்கி இப்போது கண்ணிமை வரை வந்துவிட்டது. தோல் மருத்துவர் 0.03 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பு எழுதிக் கொடுத்தார், நன்றாகக் கேட்டது. பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்த என் கணவர், “தோல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய்னு கட்டம் கட்டிப் போட்டிருக்கான்” என்று சொல்லிக் குப்பையில் வீசிவிட்டார். மறுபடி ராத்திரியெல்லாம் சொறிகிறாள். என் மாமியார் சொரியாசிஸுக்குப் பல வருடமாகத் தார் களிம்பு போடுகிறார். அதுவும் ஆபத்து என்கிறார்கள். அவருடைய காலில் பழைய தீக்காயத் தழும்பின் மேல் ஐந்து மாதமாக ஒரு புண் ஆறவில்லை. அதற்கும் அந்தத் தார் களிம்பையேதான் தடவுகிறார். என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கணவர் தப்பாக எதையும் படித்துவிடவில்லை. அந்த எச்சரிக்கை இருப்பது உண்மை. ஆனால் அது எப்படி அந்தத் தாளில் ஏறியது என்று தெரிந்தால் குப்பைத்தொட்டி வரை போயிருக்க மாட்டார்.

டாக்ரோலிமஸ் முதலில் தோலுக்காக வந்த மருந்தே இல்லை. 1984இல் ஜப்பானின் ட்சுகுபா மலைப்பக்கத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். சிறுநீரகம், கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களின் உடல் அந்தப் புது உறுப்பை எதிர்க்காமல் இருக்க இதை மாத்திரையாகத் தினமும் விழுங்க வேண்டும். அப்படி ஆண்டுக்கணக்கில் உடம்பு முழுக்க நோய் எதிர்ப்பை அடக்கி வைத்தால் நிணநீர்ப் புற்றுநோயும் தோல் புற்றுநோயும் கூடுகின்றன. இதில் சந்தேகமே இல்லை. இந்த மருந்தைக் களிம்பாக விற்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது 2000 டிசம்பரில். அதிக அளவு மருந்து கொடுத்த விலங்குகளில் கட்டிகள் தெரிந்தன. களிம்பு போட்ட சிலருக்குப் புற்றுநோய் வந்ததாகவும் தனித்தனித் தகவல்கள் வந்தன. 2006 ஜனவரியில் எச்சரிக்கைக் கட்டம் ஏறிவிட்டது. மாத்திரை வாங்கிய கெட்ட பெயர் களிம்புக்கும் ஒட்டிக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ரத்தத்தில் எவ்வளவு சேருகிறது என்பதுதான். டாக்ரோலிமஸ் மூலக்கூறு பெரியது, நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம். கரப்பானில் வெடித்துக் கிடக்கும் தோல் வழியாகக் கொஞ்சம் நுழையும். ஆனால் தோல் ஆற ஆற அந்த வழியும் அடைபட்டுவிடும். களிம்பு போட்ட பெரும்பாலான குழந்தைகளின் ரத்தத்தில் மருந்து இருப்பதே தெரியாத அளவுதான் இருக்கும். நெதர்டன் என்று ஓர் அபூர்வப் பரம்பரைத் தோல் நோய் உண்டு. அதில் மட்டும் நிறைய உறிஞ்சிவிடும், அவர்களுக்கு நாங்கள் இதைத் தருவதில்லை.

சரி, நிஜத்தில் என்ன நடந்தது? வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தக் களிம்பைப் போட்ட கிட்டத்தட்ட 8,000 குழந்தைகளைப் பத்தாண்டு வரை கவனித்தார்கள். எந்த மருந்தும் போடாத சாதாரணக் குழந்தைகள் இவ்வளவு பேரில் சுமார் 6 பேருக்குப் புற்றுநோய் வரலாம் என்பது கணக்கு. இவர்களில் வந்ததும் 6 பேருக்குத்தான். 2023இல் வெளியான இன்னொரு அலசலில் 110 ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 34 லட்சம் பேரின் விவரத்தைப் பார்த்தார்கள். இந்த வகைக் களிம்பு போட்டவர்களில் ஆயிரத்துக்கு 4.70 பேருக்கும், போடாதவர்களில் 4.56 பேருக்கும் புற்றுநோய். இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆபத்து பூஜ்யம் என்று எந்த மருத்துவரும் முத்திரை குத்தித் தர மாட்டார், நானும் தரவில்லை. ஆனால் உங்கள் மகள் என் மகளாக இருந்தால் இன்றைக்கே களிம்பைத் திரும்ப வாங்கிப் போடுவேன்.

முக்கியமாக, கண்ணிமைக்கு வேறு நல்ல வழி குறைவு. அங்கே ஸ்டீராய்டு களிம்பை நாள்கணக்கில் தடவினால் கண்ணழுத்தம் கூடலாம், புரை வரலாம். மருந்துக்கடை அண்ணனிடம் கேட்டு வாங்கும் மூன்று நான்கு மருந்து கலந்த டியூபுகளில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டுதான் இருக்கும். அதனால் புற்றுநோய் வராது. ஆனால் தோல் காகிதம்போல மெலியும், வரிவரியாகத் தழும்பு விழும். படர்தாமரை மேல் போட்டால் அரிப்பு அடங்கியதுபோல் இருக்கும், அடியில் அது பரவிக்கொண்டே போகும். தாளைப் படித்துப் பயந்தவர்கள் இந்த டியூபுக்குப் போய்ச் சேருவதை என் அறையில் அடிக்கடி பார்க்கிறேன். அதில் தாளே இருக்காது, பயமும் இருக்காது!

டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும். அதற்குத்தான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். குளித்த ஈரம் நன்றாகக் காய்ந்தபின் மெல்லியதாகத் தடவுங்கள். டியூபைக் கொஞ்சநேரம் ஃபிரிட்ஜில் வைத்திருந்து போட்டால் எரிச்சல் குறைவாகத் தெரியும். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். சீழ், அக்கி, சின்னம்மை இருக்கும் நேரத்தில் போடாதீர்கள். வெயிலில் விளையாடும்போது ஒரு தொப்பி போதும். தோல் தெளிந்ததும் நிறுத்திவிடுவதா, வாரம் இரண்டு நாள் தொடர்வதா என்பதை உங்கள் தோல் மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம் தார், அதாவது நிலக்கரியிலிருந்து எடுப்பது. புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளுக்குப் புகைக்கரியால் (அதிலும் தார் உண்டு) விதைப்பையில் புற்றுநோய் வருகிறது என்று லண்டனில் பெர்சிவால் பாட் 1775இல் எழுதினார். 1915இல் ஜப்பானில் முயல் காதில் தாரைத் தடவித் தடவிப் புற்றுநோயையே உண்டாக்கிக் காட்டினார்கள். ஆகவே இந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் சொரியாசிஸ், கரப்பான் உள்ள 13,000 பேரை நெதர்லாந்தில் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தார் மருந்து போட்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடவில்லை. மாமியார் தடிப்புகள் மேல் போடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார மட்டும் வேண்டாம், கன்றிவிடும்.

உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னைத் தொந்தரவு செய்தது அந்தக் கடைசி வரிகள்தான். டாக்ரோலிமஸும் இல்லை, தாரும் இல்லை, அந்தப் புண்.

பழைய தீக்காயத் தழும்பில் பல பத்தாண்டு கழித்துக்கூடத் தோல் புற்றுநோய் முளைக்கலாம். மார்ஜோலின் புண் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. நம் நாட்டில் விறகடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்புத் தீக்காயங்களுக்குக் குறைவில்லை, அதனால் இதை நாங்கள் மறக்கக் கூடாத நோய். நம்மைப் போன்ற கருத்த தோலில் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் குறைவு. நாள்பட்ட தழும்பு, ஆறாத புண் இவற்றிலிருந்து வருவதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஓரம் தடித்துச் சுருண்டிருக்கிறதா? தொட்டால் ரத்தம் கசிகிறதா? நாற்றம் வருகிறதா? தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்றுமே இல்லை என்றாலும், தழும்பின் மேல் ஐந்து மாதமாக ஆறாத புண்ணைச் சதைப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது.

அது பயப்படும்படியான வேலை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துணுக்கு எடுப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். சாதாரணப் புண்ணாகவே இருக்கலாம், சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். புற்று என்றாலும் சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும். அதுவரை அந்த இடத்தில் தார் களிம்பு வேண்டாம், சுத்தமான துணிக்கட்டு போதும். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். தீக்காயம் பட்டது எந்த வயதில் என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார்.