பழைய வீச்சு திரும்புமா?

கேள்வி: பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கோல்ஃப் ஆடுகிறேன். ஒரு பந்து நேராகப் பறக்கிறது. அடுத்த முறை மட்டை பந்தைத் தொடுமுன்பே தரையில் இடிக்கிறது. வீச்சைச் சீராக்குவது எப்படி?

பதில்: வீச்சைக் குறை சொல்வதற்கு முன் நிற்கும் நிலையைப் பாருங்கள். இடைவெளிக்குப் பின் ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் பந்து வைக்கும் இடமும் தோள் நோக்கும் திசையும்தான் அடிக்கு அடி மாறுகின்றன. நடுத்தரத் தூரத்துக்கு அடிக்க உதவும் 7ஆம் எண் அயர்ன் மட்டைக்குப் பந்து இரு பாதங்களின் நடுவிலோ, அதைவிடச் சற்றே இலக்கின் பக்கமாகவோ இருக்கட்டும்.

பிறகு, பயிற்சிப் புல்லில் குறுக்காக ஒரு கோடு போட்டு, பந்தே இல்லாமல் அந்தக் கோட்டின் மேல் மட்டையை வீசி, புல் எங்கே பெயர்கிறது என்று கவனியுங்கள். பெயர்ந்த இடம் கோட்டில் தொடங்கி இலக்கை நோக்கி நீண்டால் நல்லது. கோட்டுக்குப் பின்னாலேயே மண் சிதறினால், உடல் எடை பின்காலிலேயே தங்கிவிட்டிருக்கக்கூடும். பந்தை வைத்து அடிப்பதைவிட இது தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டையைப் பின்னே உயர்த்த எடுக்கும் நேரம், இறக்கிப் பந்தைத் தொடும் நேரத்தைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு. நம்மில் பலர் உயர்த்துவதிலேயே அவசரப்படுகிறோம். முக்கால் வீச்சில் பந்து மட்டையின் நடுவில் படும்வரை, ஆசை எவ்வளவு இருந்தாலும், வெகுதூரம் அடிக்கும் நீண்ட மட்டையான டிரைவரைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.