ஒன்றரை லட்ச ரூபாய் காருக்கு முக்கால் லட்சம் செலவு செய்யலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். வயது 46. செலவு போக மாதம் 52,000 ரூபாய் வீட்டுக்கு வரும். 2012-ல் எடுத்த ஸ்விஃப்ட் டீசல் கார், 1,64,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் 900 கி.மீ. ஓட்டுகிறேன். வாரம் ஒருமுறை அம்மாவை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் இதில்தான். இப்போது கரும்புகை தள்ளுகிறது, இழுவை இல்லை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கு, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ, கிளட்ச் எல்லாம் சேர்த்து 78,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். விற்றால் 1,60,000 கிடைக்குமாம். விற்றுவிட்டு 8 லட்சம் கடனில் புது பெட்ரோல் கார் எடுக்கச் சொல்கிறார் மைத்துனர். டெல்லி மாதிரி இங்கேயும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வரும் என்கிறார். ரிப்பேருக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: நகையை வைக்க வேண்டாம். காரையும் அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

விற்கும் விலையோடு ரிப்பேர் செலவை ஒப்பிடுவதால்தான் உங்களுக்குக் குழப்பம். நீங்கள் ஓட்டப்போகிறவர், மாதக் கணக்கைப் பாருங்கள். 8 லட்சத்துக்கு 9% வட்டி, 5 ஆண்டு என்றால் தவணை 16,607 ரூபாய். வட்டி மட்டுமே 1,96,000-ஐத் தொடும். பெட்ரோல் என்பதால் எரிபொருளுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் போலக் கூடும். பழைய காரில் மொத்த 78,000-மும் செலவானாலும், அது இரண்டே ஆண்டு உழைத்தால் போதும், மாதம் 3,250தான். ஆயில், டயர், பேட்டரிக்கு 2,000 சேர்த்தாலும் 5,250. வியாபாரம் ஒரு சீசன் மந்தமானால் 16,607 ரூபாய் கழுத்தை நெரிக்கும். அதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

ஆனால் 78,000-ஐ அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். டீசல் பம்ப் சர்வீஸ் கடை ஒன்றில் இன்ஜெக்டர்களைத் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். என் பழைய காருக்கு நான்கையும் மாற்றிய பிறகுதான், கெட்டது ஒன்றே ஒன்று என்று தெரிந்தது. அந்தப் பணம் இன்றும் உறுத்துகிறது. கரும்புகைக்கு அடைத்துப்போன ஏர் ஃபில்டரும், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி பிடித்திருப்பதும், டர்போ குழாயில் விழுந்த விரிசலும்கூடக் காரணமாகலாம். சில நூறு ரூபாயில் முடியும் வேலையை முதலில் பார்த்துவிடுங்கள்.

கூடவே கம்ப்ரஷன் சோதனையும், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், அவசியம். கம்ப்ரஷன் குறைந்திருந்தாலோ, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டில் ஆயில் கலந்திருந்தாலோ என் பதில் மாறிவிடும்: ரிப்பேர் செய்யாமல் அப்படியே விற்றுவிடுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே படிந்து அடைக்கும். வேலூர் வெயிலில் இன்ஜின் சூடேறி, அதன் மேல்பகுதியைக் கசிவில்லாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போவது இப்படித்தான். கூலன்ட் மட்டுமே ஊற்றுங்கள். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரையும் அவ்வப்போது வடித்துவிடச் சொல்லுங்கள். இன்ஜெக்டரின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

மைத்துனர் சொல்லும் 10 ஆண்டுக் கட்டுப்பாடு, பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் டெல்லிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் போட்டது. தமிழ்நாட்டில் சொந்த காருக்கு 15 ஆண்டு பதிவு. அதன்பின் எஃப்.சி. (வண்டி தகுதிச் சோதனை) காட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். உங்கள் ஆர்.சி. 2027-ல் முடியும். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. தள்ளிப்போட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். இப்போது செய்யும் இன்ஜின் வேலை எஃப்.சி.க்கும் உதவும் என்பதால், ஆர்.சி.யைப் புதுப்பிப்பதா இல்லையா என்று ரிப்பேருக்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள். புதுப்பிக்கும் எண்ணமே இல்லை என்றால் 78,000 வீண்.

பணத்துக்கு வழி: கிளட்ச் வழுக்கவில்லை என்றால் அதை நான்கு மாதம் தள்ளலாம். முதலில் இன்ஜெக்டர் வேலையைச் சேமிப்பிலிருந்து முடியுங்கள். இந்த மாதமே தபால் நிலையத்தில் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஒரு ஆர்.டி. (தொடர் சேமிப்பு) தொடங்குங்கள். அடுத்த காருக்கான முன்பணம் அதில் சேரட்டும்.

வண்டி ஒர்க்ஷாப்பில் சில நாள் நிற்கும். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போன மறுநாளே விடுங்கள். அடுத்த வாரத்துக்குள் வேலை முடியாவிட்டால் வாடகைக் காருக்கு 3,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.