மொரீசியஸில் அனிருத் ஜக்நாத் பிரதமராகி, ஜனாதிபதியாகி, மறுபடியும் பிரதமரானது எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், கூட்டணிக் கணக்கு. 1982 தேர்தலில் அவர் அணி முதன்மைத் தீவின் 60 தொகுதிகளையும் அள்ளியது. ஆனால் ஒன்பதே மாதத்தில் கூட்டாளி பால் பெரான்ஜேவோடு முறிவு. ஜக்நாத் சொந்தக் கட்சி தொடங்கி, 1983-லேயே மறுபடி ஜெயித்தார். 1992-இல் நாடு குடியரசானதும் அவர் காலத்தில்தான்.

1995-இல் சறுக்கல். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தரவரிசையில் இந்தி, தமிழ் போன்ற கீழை மொழிகளின் மதிப்பெண்ணையும் சேர்க்க அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். அது தோற்கவே, சபையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனார். இந்த முறை 60 தொகுதிகளும் எதிரணிக்கு! அவர் சொந்தத் தொகுதியும் போச்சு.

அப்புறம் 2000-இல் அதே பெரான்ஜேவோடு ஓர் ஒப்பந்தம்: முதல் மூன்று வருடம் ஜக்நாத் பிரதமர், மீதி பெரான்ஜே. சொன்னபடியே 2003-இல் பதவியை ஒப்படைத்துவிட்டு ஜனாதிபதியானார். இப்படி வாக்கைக் காப்பாற்றியவர்கள் அரசியலில் அபூர்வம். 2012-இல் அதையும் உதறிவிட்டு, 2014-இல், 84 வயதில், மீண்டும் பிரதமர்.

2017-இல் தேர்தல் இல்லாமலே மகன் பிரவிந்திடம் நாற்காலியைக் கொடுத்ததுதான் எனக்கு உறுத்தல். ஆனால் 2018-இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில், மொரீசியஸிலிருந்து பிரிட்டன் பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகளுக்காக அவரே நேரில் நின்று பேசினார். மொரீசியஸ் விடுதலை பற்றிய 1965 லண்டன் பேச்சுவார்த்தையில் கலந்துகொண்டவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த ஆண்டு வந்த ஆலோசனைக் கருத்து மொரீசியஸுக்குச் சாதகமாக அமைந்தது. 2021 ஜூனில் காலமானார்.