வளவைச் சுற்றி ஓடும் நீராவி ரயில்: வாசகர் கேள்வி பதில்

போன மாத இதழில், பேட்டரியும் கரண்ட்டும் இல்லாமல், நிஜமாகவே தீ மூட்டி, தண்ணீர் கொதித்து, அந்த ஆவியில் ஓடுகிற குட்டி ரயில் எஞ்சின்களும் உண்டு என்று போகிற போக்கில் ரெண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து. வீடுகள் அப்படி: நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைத்தான் வளவு என்பார்கள், சுற்றிலும் தாழ்வாரம். சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடுவோம்.

காரைக்குடியில் எங்கள் ஐயா கட்டிய வீடு. வளவைச் சுற்றி நாலடி அகலத் தாழ்வாரம், வெளிச்சுவர் கணக்கில் 30 அடிக்கு 20 அடி. யாரும் இல்லாமல் கிடக்கிறது. இதில் நீராவி ரயில் விட முடியுமா? எந்த எஞ்சின் வாங்கலாம்? (காரைக்குடி வாசகர்)

தாராளமாக விடலாம். மேலே கூரை இருக்கிறது, நடுவில் வானம் திறந்திருக்கிறது, புகையும் ஆவியும் தானாக மேலே போய்விடும். வெளிநாட்டில் இதே ஆசை உள்ளவர்கள் கார் ஷெட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அல்லாடுகிறார்கள்.

ஆனால் எஞ்சினை முதலில் வாங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள், அப்புறம் அது ஓட இடமில்லாமல் ஷோகேஸில் உட்கார்ந்திருக்கும். முதலில் பாதை.

தண்டவாளத்தின் இடைவெளி 45 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இருபத்திரண்டரை என்ற அளவில் சுருக்கினால் ஒரு மீட்டர் அகலப் பாதை ஏறக்குறைய இந்த 45 மி.மீ.தான் வரும், அதாவது ஒரு காலத்தில் உங்கள் ஊர் ஜங்ஷனுக்கு வந்துகொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில்தான் அந்த அளவில் உங்கள் தாழ்வாரத்தில் ஓடும். இதே 45 மி.மீ. பாதையில் ஒன்றுக்கு 32 என்ற அளவில் பெரிய மெயின்லைன் எஞ்சின்களும் வருகின்றன. பார்க்க ராஜாதான், ஆனால் அவற்றில் பெரியவை திரும்ப மூன்று மீட்டர் ஆரம் வேண்டும். நாலு சக்கரம், ஆறு சக்கரம் உள்ள சின்ன எஞ்சின் போதும். பல சின்ன எஞ்சின்கள் 60 செ.மீ. ஆரத்திலேயே திரும்பிவிடும், ஆனாலும் அவ்வளவு நெருக்கிப் போட்டால் வளைவில் சக்கரம் உரசியே பாதி ஆவி செலவாகும்.

தாழ்வாரம் நாலடிதானே, பெரிய வளைவு எப்படி என்று யோசிப்பீர்கள். மூலைக்கு மூலை வட்டமாக நினைக்காதீர்கள். சுவரோரமாக வருகிற பாதையை மூலைக்கு ஆறடி முன்னாலிருந்தே மெல்ல வெட்டித் திருப்பி, அடுத்த சுவரோரம் கொண்டுபோய்ச் சேருங்கள். ஆரம் ஆறடி. சுவர் முக்கிலிருந்து பாதை அதிகமாக விலகும் இடத்திலும் இரண்டரை அடிதான், அங்கிருந்து தூண் முக்கு வரை மூன்றடி மிச்சம், ஆள் நடக்கலாம். சுற்று மொத்தம் 85, 90 அடி வரும்.

இனிதான் முக்கியமான விஷயம். உங்கள் தாழ்வாரத் தரை மட்டமாக இல்லை. இருக்கவும் கூடாது, மழைத்தண்ணீர் வளவுக்குள் இறங்க மேஸ்திரி வாட்டம் கொடுத்துத்தான் கட்டியிருப்பார். கரண்ட் ரயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ரெகுலேட்டரைத் திருப்பினால் சரியாகிவிடும். ஆனால் ஆள் கைவைக்காமல் ஓடுகிற சின்ன நீராவி எஞ்சினுக்குப் பத்தடிக்கு ஓர் அங்குலம் ஏற்றம் வந்தாலே மூச்சு வாங்குவது காதில் கேட்கும், அதே ஓர் அங்குலம் இறக்கத்தில் தலைதெறிக்க ஓடி வளைவில் கவிழும். அதனால் தரையில் நேராகப் போடாமல், பிளைவுட் பலகைகளைக் கால் வைத்து நிறுத்தி, ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ட் நட்டு வைத்துவிடுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும், தண்ணீர் நிரப்பிய அந்த ட்யூப்பை ஒரு முனையில் ஒருவர், மறுமுனையில் ஒருவர் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகித் திருகி மட்டம் பாருங்கள். ரசமட்டத்தை மட்டும் நம்பி 90 அடி சுற்றி வந்தால் கடைசிப் பலகையும் முதல் பலகையும் சேராது. பலகை இடுப்பு உயரம் இருந்தால் இன்னும் நல்லது, எண்ணெய் விடவும் தீ மூட்டவும் குனிய வேண்டாம்.

தண்டவாளத்தில் மின்சாரம் போகப்போவதில்லை என்பதால் அதற்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். 3 மி.மீ. அலுமினியப் பட்டையை, பழைய தேக்குத் துண்டுகளில் வாள்வெட்டுப் போட்டு, செங்குத்தாக இறக்கினால் வேலை முடிந்தது. உள்பக்கத்துக்கு உள்பக்கம் 45, வளைவில் ஒரு மி.மீ. கூடுதல்.

ஸ்பிரிட்டில் ஓடுவது நல்லதா, கேஸில் ஓடுவதா? வீட்டு சிலிண்டரிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாமா? (தேவகோட்டை)

கடைசிக் கேள்விக்கு முதலில்: கூடவே கூடாது. வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, அதன் அழுத்தத்தைத் தாங்க எஞ்சினின் சின்ன டாங்கி செய்யப்படவில்லை. லைட்டருக்கு நிரப்பும் பியூட்டேன் டின்தான் வேண்டும்.

ஸ்பிரிட், அதாவது எரிசாராயத்தில் ஓடும் எஞ்சின்கள் சத்தமில்லாமல் அழகாக ஓடும், பழைய ஆட்கள் அதையே விரும்புவார்கள். ஆனால் ஸ்பிரிட்டின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் கவிழ்ந்து ஸ்பிரிட் கொட்டி, பலகை எரிந்துகொண்டிருப்பது கை சுட்ட பிறகுதான் தெரியும். வீட்டுக்குள், அதுவும் பர்மாத் தேக்குத் தூணுக்குப் பக்கத்தில், முதல் எஞ்சினாக அது வேண்டாம் என்பேன்.

கேஸில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டிக் கொதிக்கிற பொருள். குளிர்நாட்டில் அது ஆவியாக மறுத்து மக்கர் பண்ணும், அங்கே டாங்கியை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுவார்கள். சித்திரை வெயிலில் இங்கே நேர் எதிர். 25 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் டாங்கிக்குள் அழுத்தம் ஒன்றரை மடங்கு, தீ உறுமிக்கொண்டு வரும், சில நேரம் பர்னரை விட்டுப் பிரிந்து புகைபோக்கிக்குள் போய் எரியும். வால்வை மயிரிழை திறந்தால் போதும், காதால் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஓடிய பிறகு டாங்கி சூடாக இருக்கும்போது மறுபடி நிரப்பப் பார்த்தால் உள்ளே ஏறவே ஏறாது, ஏனென்றால் டின்னை விட டாங்கியில் அழுத்தம் கூட. ஆறட்டும், ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

நிரப்புவது வெளித்திண்ணையில் நடக்கட்டும். பியூட்டேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து போகும். சாமி அறையில் விளக்கு எரிகிற வீடு என்பதை மறக்காதீர்கள். பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்றும், தீயணைப்பான் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.

மாடியில் ஏசி அறை காலியாக இருக்கிறது. அங்கே ஓட்டலாமா? (அதே வாசகர்)

வேண்டாம். மூடிய அறையில் தீ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது. ஏசி அறைக் காற்றையே சுற்றிவிடுமே தவிர வெளியே தள்ளாது.

தீயே இல்லாத நீராவி ரயிலும் ஒன்று வந்தது. ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் பொம்மை ரயில் கம்பெனி 2003இல் 16.5 மி.மீ. பாதைக்கு மல்லார்ட் என்ற எஞ்சினை விட்டது, தண்டவாளத்தில் வரும் மின்சாரம், எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டர் பெட்டிக்குள் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். இப்போது தயாரிப்பில் இல்லை, கைமாறிக் கிடைத்தால்தான் உண்டு.

மழைக்கு வளவில் அண்டா வைத்துப் பிடித்த தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றலாமா? (கொத்தமங்கலம்)

ஊற்றலாம், அதுதான் நல்லது. முதல் மழை ஓடு கழுவிப் போகட்டும், அடுத்த மழையில் பிடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். பாய்லருக்குள் படியும் உப்பைச் சுரண்டிக் கழுவ வழியே இல்லை. பேட்டரித் தண்ணீர் என்று விற்பதில் காய்ச்சி வடித்ததும் உண்டு, அயனி நீக்கியதும் உண்டு. அயனி நீக்கிய தண்ணீர் பித்தளையை அரிக்கும் என்று சில எஞ்சின் கம்பெனிகள் தடுக்கின்றன. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாமா சிங்கப்பூரிலிருந்து எஞ்சின் வாங்கி வந்தார். நாலைந்து தடவை நன்றாக ஓடியது, இப்போது தள்ளினாலே இறுக்கமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் பார்த்தாயிற்று. (புதுவயல்)

தேங்காய் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். சக்கர அச்சுக்கு மெல்லிய மெஷின் ஆயில் போதும், உள்ளே பிஸ்டன் ஓடுகிற சிலிண்டருக்கு வேண்டியது வேறு. நீராவிச் சூட்டில் நம் வீட்டு எண்ணெய்கள் கருகிப் பிசின் ஆகிவிடும். ஸ்டீம் ஆயில் என்று கெட்டியாக, தேன் மாதிரி ஒழுகுகிற எண்ணெய் தனியாக உண்டு.

பிரச்சினை பெரும்பாலும் சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டும் லூப்ரிகேட்டரில்தான் இருக்கும். ஓட்டுநர் நிற்கிற இடத்திலோ பாய்லருக்குப் பக்கத்திலோ மூடி போட்ட சின்னப் பித்தளைக் குப்பி ஒன்று இருக்கும், அதன் வழியாக ஆவிக்குழாய் போகும், குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஆவி அந்த ஓட்டை வழியே குப்பிக்குள் நுழைந்து குளிர்ந்து தண்ணீராகி அடியில் இறங்கும். எண்ணெய் மிதக்கும் அல்லவா, அடியில் தண்ணீர் ஏற ஏற மேலே இருக்கிற எண்ணெய் அதே ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டு ஆவியோடு சிலிண்டருக்குப் போகும். இதில் பம்பும் இல்லை, அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகப் பிடித்த சாமான் இதுதான்.

அதனால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் குப்பி தண்ணீரால் நிறைந்திருக்கும். அதை எடுக்காமல் மேலே எண்ணெய் விட்டால் ரெண்டு சொட்டுகூடப் போகாது, அடுத்த ஓட்டம் முழுக்க சிலிண்டர் வறண்டு ஓடும். உங்கள் எஞ்சினுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். நன்றாக ஆறி, அழுத்தம் இறங்கிய பிறகு மூடியைக் கழற்றி, சிரிஞ்சை அடிவரை விட்டுத் தண்ணீரை உறிஞ்சுங்கள், அப்புறம் ஸ்டீம் ஆயில் நிரப்புங்கள். முழுக்க நிரப்பாமல் மேலே துளி இடம் விடுங்கள். ரெண்டு ஓட்டத்தில் இறுக்கம் விடவில்லை என்றால்தான் சிலிண்டரைப் பிரிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைக்கிறவர் இருக்கிறார். அவரிடமே பாய்லர் செய்துகொள்ளலாமா? (பள்ளத்தூர்)

செம்பு சரி, ஈயம் சரியில்லை. 40 பவுண்ட் அழுத்தத்தில் பாய்லருக்குள் வெப்பம் 140 டிகிரி வரும். பற்றவைக்கிற வெள்ளீயக் கலவை 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். தண்ணீர் இருக்கும்வரை தாங்கும், தண்ணீர் வற்றித் தீ நேராகப் பட்டால் இணைப்பு விட்டுவிடும். பாய்லருக்கு வெள்ளிப் பற்றுதான், அது உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். பித்தளைத் தகட்டிலும் செய்யாதீர்கள், சூட்டிலும் தண்ணீரிலும் அதிலுள்ள துத்தநாகம் நாளடைவில் கரைந்து தகடு பொடபொடத்துப் போகும்.

யார் செய்தாலும், தீ வைக்குமுன் பச்சைத்தண்ணீரை முழுக்க நிரப்பிக் கைப்பம்பால் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் அமுங்காது, பிளந்தாலும் வெறுமனே ஒழுகும். காற்றடித்துச் சோதிப்பது உயிரோடு விளையாட்டு. முதல் எஞ்சினுக்கு என் அபிப்பிராயம்: சோதனைச் சான்றோடு வரும் பாய்லரை வாங்கிவிடுங்கள். அவருக்கு வேலை கொடுக்க ஆசை என்றால் வேகன் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் உங்கள் எழுத்தைப் படித்துவிட்டுத் தாழ்வாரத்தை அளந்துகொண்டிருக்கிறார். ஆத்தங்குடிக் கல் தரை, முட்டைப்பூச்சுச் சுவர். தையில் மகள் கல்யாணம் வேறு. (பெயர் வேண்டாம், கண்டனூர்)

ஆச்சி, நியாயமான கோபம். எஞ்சின் புறப்படும்போது சிலிண்டர் குளிர்ந்திருக்கும், முதல் ஆவி தண்ணீராகி, புகைபோக்கி வழியே எண்ணெயும் கரியுமாகக் கக்கும். ஓர் அடி சுற்றளவுக்குத் தெறிக்கும். ஆத்தங்குடிக் கல் சிமெண்ட்டில் வார்த்தது, கறுப்பு எண்ணெயைக் குடித்துவிட்டால் எடுப்பது கஷ்டம். அண்ணனிடம் மூன்று கண்டிஷன் போடுங்கள். பலகைக்குக் கீழே சுற்று முழுவதும் ரெக்சின் விரிக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் இடம் ஒன்றே ஒன்று, அதுவும் சுவரிலிருந்து தள்ளி. அங்கே ஒரு பழைய துண்டைப் புகைபோக்கிக்கு மேல் பிடித்துக்கொண்டு எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் உருட்டினால் கக்கல் எல்லாம் துண்டில் போகும். மூன்றாவது, பலகைகள் ஆறடித் துண்டுகளாக, போல்ட் கழற்றி அடுக்கும்படி இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அத்தனையும் மேல்வீட்டுக்குப் போய்விட வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று ஓட்டிக்காட்டுகிறேன் என்று சொல்வார், விடாதீர்கள்.

ஊட்டி ரயில் மாதிரி மலை ஏறவைக்க முடியுமா? (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

அந்த ரயில் கல்லாறுக்கு மேலே 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது என்றால் நடுவில் பல் தண்டவாளம் இருப்பதால்தான். வெறும் சக்கரத்தால் அது ஆகாது. மலையைப் பின்னால் சுவரில் வரைந்துகொள்ளுங்கள்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா எஞ்சின் வாங்கிவிட்டார். அதில் விசில் இல்லை. ஏன்? (கோட்டையூர்)

தம்பி, விசிலின் குரல் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. நிஜ எஞ்சினில் இருப்பது பெரிய குழாய், அதனால் கம்பீரமாகக் கூவும். உன் எஞ்சினில் விரல் நீளக் குழாய்தான் வைக்க முடியும், அது எலி கத்துகிற மாதிரி கீச்சென்றுதான் வரும், அதற்குள் பாய்லரில் இருக்கிற ஆவியில் பாதி போய்விடும், ரயில் பாதி வழியில் நிற்கும். சிலர் எஞ்சின் அடியில் நீளக் குழாயை மடித்து வைத்துக் கொஞ்சம் குரலை இறக்குகிறார்கள். நீ இப்போதைக்கு அப்பாவையே வாயால் ஊதச் சொல். தீ மூட்டுவதும் கேஸ் நிரப்புவதும் அவர் வேலை, நீ தொடாதே. லூப்ரிகேட்டர் தண்ணீரை சிரிஞ்சால் எடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள், ஆறிய பிறகு.