பெட்டிகளை விடுங்கள், அந்தத் தூக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: தீபாவளி முடிந்து ஐந்து நாளாகியும் வீட்டில் இனிப்புப் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. கணவரின் அலுவலகத்தில் தந்தவை, வியாபார நண்பர்கள் தந்தவை என்று லட்டு, மைசூர்பாகு, சோன்பப்டி, பால் இனிப்பு எல்லாம் இருக்கின்றன. அம்மாப்பேட்டையிலிருந்து அம்மா தம்பியிடம் கொடுத்தனுப்பிய அதிரசத் தூக்கு வேறு இன்னும் திறக்கவே இல்லை. பிள்ளைகள் எதையும் தொடுவதில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. இவற்றை வைத்துப் புதிதாக என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்.

பதில்: வருஷா வருஷம் தீபாவளிக்கு அடுத்த வாரம் இந்தக் கடிதம் வந்துவிடும். அதனால் அடுப்பு வேலையை முதலில் முடித்துவிடுகிறேன்.

பால் இனிப்பைக் கொட்டுங்கள். மனம் வரவில்லை என்றாலும் கொட்டுங்கள். ஈரம் அதிகமுள்ள பண்டம், இரண்டு மூன்று நாளுக்கு மேல் அதை நம்பக்கூடாது. தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர்கள் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து சட்டம். ஆனால் பரிசுப் பெட்டி நாலு கை மாறி வரும்போது அந்தத் தேதியை யார் பார்க்கிறார்கள்?

லட்டுக்கு வழி சுலபம். சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசிக்குப் பஞ்சமா? ஜவ்வரிசி கண்ணாடி மாதிரி வெந்ததும் பாலை ஊற்றி, லட்டை உதிர்த்துப் போட்டு ஒரு கொதி விடுங்கள். பாயசத்துக்குத் தனியாகச் சர்க்கரை வேண்டாம். மைசூர்பாகைப் பொடித்து, தேங்காய்த் துருவலும் வறுத்த ரவையும் கலந்தால் போளிக்குப் பூரணம். ரவை அந்த நெய்யை இழுத்துக்கொள்ளும். சோன்பப்டியைச் சூடான பாலில் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அது என்னவென்று சொல்லாமல். மீந்த முறுக்கு, தட்டுவடை இருந்தால் உடைத்து, காய்த் துருவலும் சட்னியும் கலந்து நொறுக்கல் செய்ய உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம், வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுப்பதென்றால் பெட்டி வந்த அன்றே கொடுத்திருக்க வேண்டும். நமக்கு ஆகாததை எடுத்துக் கொடுப்பதற்குத் தானம் என்று பெயர் வைக்காதீர்கள்.

சரி, இப்போது அந்தத் தூக்குக்கு வருவோம். ‘வேறு’ என்று ஒரு சொல் போட்டு, அதையும் பெட்டிகளின் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

அதிரசம் கடையில் எடை போட்டு வாங்கி வருவதல்ல. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போவதற்குள் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகை இன்னும் கொஞ்சம் விட்டால் கல்லாகும், முன்னால் இறக்கினால் எண்ணெயில் பிரிந்து போகும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் நிற்க வேண்டும். பிசைந்த மாவு ஒரு நாளாவது ஊற வேண்டும். உங்கள் அம்மா இத்தனையும் செய்தது யாருக்காக? அந்தப் பெட்டிகளில் ஒன்றாவது உங்களை நினைத்து வாங்கப்பட்டதா? உங்கள் கணவருடைய நாற்காலிக்கு வந்தவை அவை.

இன்னொன்றும் கேட்கிறேன். தூக்கு தம்பி கையில் வந்தது என்றால், தீபாவளிக்கு நீங்கள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஒரே ஊர், டவுன் பஸ்ஸில் ஏறினால் அம்மாப்பேட்டை. வேலை இருந்தது, விருந்தாளி வந்தார்கள் என்பீர்கள். ஐந்து நாளுமா? கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய் வீட்டுக் கடமை முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பிள்ளைகள் அதிரசத்தைத் தொடவில்லை என்கிறீர்கள். மூடியே திறக்காத தூக்கை அவர்கள் எப்படித் தொடுவார்கள்? நீங்கள் ஒன்றைப் பிட்டு வாயில் போடுவதை அவர்கள் ஒருமுறையாவது பார்த்திருக்கிறார்களா?

இன்றைக்கே திறந்து முகர்ந்து பாருங்கள். பாகு பதம் சரியாக இருந்தால் அதிரசம் இன்னும் சில நாள் தாங்கும். பூஞ்சையோ சிக்கு வாடையோ இருந்தால் வேண்டாம். கெட்டியாகியிருந்தால் இட்லிப் பானை ஆவியில் இரண்டு நிமிஷம் வையுங்கள், மெத்தென்று ஆகிவிடும். அதைப் பாயசத்திலும் போடாதீர்கள், போளியிலும் அடைக்காதீர்கள். அதிரசமாகவே சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து, இந்த வருஷம் பாகு எப்படி வந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

தூக்கை வெறுமனே திருப்பித் தருவது நம் வழக்கமில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இல்லையென்றால் அந்த ஜவ்வரிசிப் பாயசம், இருந்தால் வீட்டில் செய்த ஏதாவது ஒரு காரம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்களே எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டம் என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்.