காய்ந்த மூலைக்காக முழுப் புல்தரையையும் நனைக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் புல்தரை 100 சதுர மீட்டர். பழைய பாப்-அப் ஸ்பிரிங்க்ளர்கள்தான் (தண்ணீர் திறந்ததும் தரையிலிருந்து தண்டு மேலெழும் தெளிப்பான்கள்) இருக்கின்றன. ஒரு மூலை எப்போதும் காய்ந்து கிடக்கிறது. அதற்காக நேரத்தைக் கூட்டினால் நடுப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடுகிறது. தண்ணீர் மிச்சமாகும் என்று சொல்லப்படும் சுழல் நாசிலுக்கு (தண்டின் நுனியில் பூட்டும் சுழலும் நீர்வாய்க்கு) மாறலாமா?

பதில்: மாறலாம். அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாக்கள் பத்துப் பன்னிரண்டை எடுத்து, மூலைகளையும் நடுவையும் விடாமல் புல்தரை முழுக்கப் பரப்பி வையுங்கள். 15 நிமிடம் தண்ணீர் ஓடட்டும். பிறகு ஒவ்வொரு டப்பாவிலும் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் 12, மூலையில் 4 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மூலைக்கும் 12 வேண்டுமானால் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். அதற்குள் நடுவில் 36 மில்லிமீட்டர் விழுந்திருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். ஆக, நடுப்பகுதியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 24 லிட்டர் வேருக்கும் கீழே போய்விடுகிறது, அல்லது நடைபாதையில் வழிகிறது. டைமரில் நீங்கள் வைக்கும் நேரத்தை முடிவு செய்வது அந்தக் காய்ந்த மூலைதான். அதனால், எந்தத் தெளிப்பான் குறைவாகத் தண்ணீர் விடும் என்று கேட்காதீர்கள், எது சீராகத் தெளிக்கும் என்று கேளுங்கள். இந்த வேலையில் இறங்கிய நாள் முதல் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதைத்தான்.

சுழல் நாசிலின் பலமும் அந்தச் சீர்தான். பழைய நாசில் விசிறி போல் ஒரே வீச்சாகத் தூவும். இதுவோ தனித்தனி நீர்க்கம்பிகளாகப் பிரித்து மெல்லச் சுழற்றுகிறது. துளி பெரிது, காற்று எளிதில் தள்ளிக்கொண்டு போகாது. பழையது மணிக்கு ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் கொட்டும். இது 10 முதல் 15 வரைதான். களிமண் பூமி மணிக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும் என்பதால், மெல்ல விழும் தண்ணீருக்கு உள்ளே இறங்க அவகாசம் கிடைக்கிறது. களிமண்ணாக இருந்தால் இதையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து, நடுவில் அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மெல்லப் பெய்வதால் ஓட்டும் நேரத்தை மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டியிருக்கும். பழைய 15 நிமிடத்தையே விட்டுவைத்தால் புல் மஞ்சளாகும், பழி நாசில் மேல் விழும். அடுத்து, ஒரே வால்வில் பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. மாற்றினால் அந்த வால்வில் உள்ள எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

நாசிலை மாற்றும்போது தண்டை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நாசிலைக் கழற்றினால், அடியில் விரல் நீளச் சல்லடை ஒன்று வரும். அதில் மணலும் பாசியும் அப்பியிருந்தால், உங்கள் மூலை காய்ந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். புது நாசிலைப் பூட்டுமுன் வால்வைத் திறந்து, வெறும் தண்டு வழியாகச் சில நொடிகள் தண்ணீர் பீய்ச்ச விடுங்கள். குழாயில் தங்கிய மண் வெளியேறிவிடும். மீதிக் காரணம் பெரும்பாலும் இடைவெளி. ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் காலடி வரை எட்ட வேண்டும். பாதி தூரத்தில் நின்றால் எந்த நாசிலாலும் சீர் வராது.

கேள்வி: எங்கள் ஸ்பிரிங்க்ளரைத் திறந்தால் புகை மாதிரி எழும்புகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. தண்ணீர் வீணாகிறதா?

பதில்: வீணாகிறது. அது புகையாகத் தெரிவதற்குக் காரணம் அழுத்தம் அதிகம். சாதாரண தூவல் நாசில் 2 பார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. 4 பார் வந்தால் சுமார் 40 சதவீதம் கூடுதல் தண்ணீர் வெளியேறும், அதிலும் ஒரு பகுதி பனித்துளியாகிக் காற்றோடு போகும். அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெளிப்பான் உடல்கள் (நாசிலைத் தாங்கும், மண்ணில் புதைந்திருக்கும் பகுதி) கிடைக்கின்றன. அமெரிக்காவில் தண்ணீர்ச் சிக்கனத்துக்காக வழங்கும் ‘வாட்டர்சென்ஸ்’ முத்திரை 2017 முதல் இவ்வகைத் தெளிப்பான்களுக்கும் தரப்படுகிறது. உங்கள் நிலையில் நாசிலைவிட முதலில் மாற்ற வேண்டியது இந்த உடலைத்தான். விடியற்காலையில், காற்று எழும்புமுன் ஓட்டுங்கள்.

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேரடியாகச் சுழல் நாசிலை ஓட்ட முடியுமா?

பதில்: முடியாது. 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் வரும். சுழல் நாசிலுக்கு ஏறக்குறைய 3 பார் தேவை. பம்ப் வேண்டும்.

கேள்வி: சரிவான புல்தரை. வால்வை மூடிய பிறகும் கீழே உள்ள தெளிப்பான் நெடுநேரம் ஒழுகுகிறது. வால்வு பழுதா?

பதில்: கொஞ்ச நேரத்தில் ஒழுகல் நின்றுவிட்டால் வால்வு நல்லதுதான். மேலே குழாயில் தங்கிய தண்ணீர் தாழ்ந்த வாய் வழியாக வடிகிறது. உள்விட்டம் 32 மில்லிமீட்டர் உள்ள குழாய் மீட்டருக்கு 0.8 லிட்டர் பிடிக்கும். 30 மீட்டர் என்றால் 24 லிட்டர். ஒவ்வொரு முறை மூடும்போதும் அவ்வளவும் போகிறது. தவணை தவணையாக ஓட்டுபவர்களுக்கு நட்டம் இன்னும் கூடுதல். தடுப்பு வால்வு உள்ளேயே பொருத்திய தெளிப்பானைத் தாழ்வான பகுதியில் போடுங்கள். மூடி ஒரு மணி நேரம் கழித்தும் ஒழுகினால் மட்டும் வால்வைத் திறந்து, உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள்.

கேள்வி: சுவரோரம் ஒரு மீட்டர் அகலத்தில் புல் இருக்கிறது. அதற்கு எந்த நாசில் பொருந்தும்?

பதில்: எதையும் போடாதீர்கள். அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் எப்படித் தெளித்தாலும் சுவரும் தரையும் சேர்ந்தே நனையும். மண்ணுக்கடியில் சொட்டுநீர்க் குழாய் பதியுங்கள். அதைத் தனி வால்வில் இணைத்து, முன்னால் ஒரு வடிகட்டியும் அழுத்தக் குறைப்பானும் வையுங்கள்.